ஒன்பதில் விழும் முள்

ஓபெத் டிட்மரை ஒஹையோவிலுள்ள பிக்வா ஊரில் பாதிப் பேர் வண்டிப் பட்டறை முதலாளி என்பார்கள். மீதிப் பேர் பூட்டுக்காரன் என்பார்கள். பூட்டு விற்கிறவன் என்று அர்த்தமில்லை, தன்னையே பூட்டிக்கொள்கிறவன் என்று அர்த்தம். பட்டறையின் பின்னறைக் கதவில் மூன்று பூட்டு. ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் சுண்ணாம்பு. முடிவெட்டிக்கொள்ளப் போனாலும் வாயைத் திறக்கமாட்டான். "இன்னிக்குக் காத்து எப்படி?" என்று கடைக்காரன் சும்மா கேட்டதற்கு, நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து காதில் கத்திக் கீறல் வாங்கிக்கொண்டு வந்தவன் அவன். காற்றைப் பற்றி யார் பேசினாலும் தன் காற்றைக் களவாட வந்திருக்கிறான் என்றே அவனுக்குத் தோன்றும்.

அப்படி என்னதான் வைத்திருந்தான் உள்ளே? ஒரு நீளமான மரப்பெட்டி. ஒரு கோடியில் விசிறி. அது அறையின் காற்றை வாயால் இழுத்துப் பெட்டிக்குள் ஊதும். உள்ளே உள்ளங்கை அகலத்தில் தகரத்தில் வெட்டின ஒரு குட்டி இறக்கை, அதோடு சேர்த்து ஒரு முள். இறக்கையை டிகிரி டிகிரியாக நிமிர்த்தினால், காற்று அதை எவ்வளவு தூக்குகிறது என்று முள் காட்டும். நிமிர நிமிரத் தூக்கல் கூடும். எட்டு டிகிரியில் முள் முப்பதைத் தொட்டது. ஒன்பதில் முப்பத்துமூன்று வரும் என்று பார்த்தால், பொத்தென்று இருபத்தாறுக்கு விழுந்தது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான், மூன்று தடவையும் இருபத்தாறு. விழுகிற இடம் தெரிந்தபிறகு அதற்கு மேல் அளப்பானேன் என்று அதோடு நிறுத்திவிட்டான். 1904 பிப்ரவரியில் நடந்தது இது.

அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் அவன் பெயர் ஊர் தாண்டிப் போயிற்று. பறக்கும் எந்திரத்தின் இறக்கை எட்டு டிகிரிக்கு மேல் நிமிராதபடி பிடித்துக்கொள்ளும் ஒரு பித்தளைக் கொக்கி செய்தான். ஒன்பதில் தூக்கல் விழுகிறது, ஆகவே எட்டில் தடுக்கவேண்டும் என்று எழுதிப்போட்டு அதற்கு பேட்டன்ட் வாங்கினான். எந்திரம் கட்டுகிறவர்கள் கொக்கி ஒன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கொடுத்தார்கள். மோட்டார் கார் வந்து வண்டி வியாபாரம் படுத்துக்கொண்டிருந்த காலம். பட்டறையில் அடுப்பு எரிந்தது அந்தக் கொக்கியால்தான்.

பின்னறைக்குள் அவனைத் தவிர நுழைந்த ஒரே ஜீவன் அவனுடைய அக்காள் கெதூரா. புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். விசிறியைச் சுழற்றுகிற எந்திரப் பட்டையை ஒரே சீராக ஓடவிட ஓபெத் அந்தக் கோடியில் நிற்கவேண்டும். இந்தக் கோடியில் முள்ளைப் படிக்க ஒரு நம்பிக்கையான கண் வேண்டும். அவளுடையதைவிட நம்பிக்கையான கண் ஒஹையோவில் கிடையாது. கெதூரா டங்கர் சபைக்காரி. ஆற்றில் மூன்றுதரம் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற சபை அது. அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள், சத்தியமும் செய்யமாட்டார்கள், சண்டைக்கும் கோர்ட்டுக்கும் போகமாட்டார்கள். பெண்கள் உடுத்துகிற உடுப்பின் துணி, சுற்றளவு, கொசுவம் எல்லாவற்றையும் சபைக் கூட்டம் கூடித் தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது. ஊர்ப் பெண்களின் பாவாடை குறுகிக் குறுகி டிராம் வண்டியில் கால் தூக்கி ஏறமுடியாத நிலைக்கு வந்துவிட்டபோதும், டங்கர் பெண்களின் பாவாடை அவர்கள் பாட்டிமார் காலத்துச் சுற்றளவில் அப்படியே இருந்தது. அடியில் நாலு கம்பளி உள்பாவாடை வேறு.

ஓபெத்தும் அந்தச் சபையில் பிறந்தவன்தான். கோர்ட்டுக்குப் போனதால் விலக்கி வைத்துவிட்டார்கள். விலக்கப்பட்டவனோடு பந்தியில் உட்காரக்கூடாது என்பது சட்டம். கெதூரா அவனுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுவாள். அவன் தின்னும்போது நின்றுகொண்டிருப்பாள். அவன் எழுந்தபிறகுதான் அவள் உட்காருவாள். இரண்டு பேருக்கும் இது பழகிவிட்டிருந்தது.

கோர்ட்டுக்கு அவனை இழுத்தவன் பிரெண்டிஸ் கோல்பி என்கிற நியூயார்க் ஆள். அவனும் எந்திரம் கட்டுகிறவன். எட்டில் பிடிக்கிற அதே கொக்கியை மாட்டிக்கொண்டு, காசு கேட்டால், "ஒன்பதில் தூக்கல் விழுவதை 1903-லேயே நான் என் பெட்டியில் கண்டுபிடித்தேன். 1904 கோடையில் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் நான் பேசியதைக் கேட்டு டிட்மர்தான் திருடிக்கொண்டு போனான்" என்றான். பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன. கோல்பியின் எண்களும் வந்து சேர்ந்தன. எட்டில் முப்பது, ஒன்பதில் இருபத்தாறு. அச்சு அசல். பட்டறையில் ஒரு கோடையில் வார்னிஷ் அடிக்க வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போன ஒருவன் இப்போது கோல்பியிடம் மேஸ்திரியாக இருந்தான். அவன் எந்தச் சந்து வழியாக எதைப் பார்த்தான் என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்று பூட்டு போட்ட வீட்டில் திருடன் மூன்று பூட்டையும் விட்டுவிட்டு வேறு வழியாகத்தான் வருவான்.

ஓபெத்தின் வக்கீல் பெயர் ஹோக். ஆள் ஒல்லி, ஈர்க்குச்சிக்குக் கோட்டு மாட்டினது போலிருப்பார். விசாரணைக்கு முதல்நாள் மத்தியானம் வந்தார். வாஷிங்டன் பேட்டன்ட் ஆபீஸிலிருந்து அதிகாரி நேரே பட்டறைக்கே வருகிறார், பெட்டியையும் பார்ப்பார் என்றார்.

"ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க டிட்மர். நாளைக்கு நான் முழிக்கக்கூடாது பாருங்க."

பத்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு வெளியாள் முன்னால் அந்தப் பெட்டி ஓடிற்று. ஓபெத் பட்டையைப் பிடித்தான். ஹோக் முள்ளருகே குனிந்தார். எட்டு வரைக்கும் எல்லாம் சரி. ஒன்பதுக்கு நிமிர்த்தியதும் முள் ஒரு குறுக்குக் கட்டைக்கு அடியில் மறைந்துவிடும். அப்போது மறுபக்கம், விசிறி வாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கே பெட்டியில் பதித்த கண்ணாடிச் சன்னல் வழியாகப் படிக்கவேண்டும். ஹோக் போய் நின்றார்.

"முப்பத்துமூணு," என்றார்.

"தப்பு. நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாத்தேன். முப்பத்துமூணு."

"வக்கீல் சாருக்குக் கண்ணாடி மாத்தணும். அக்கா, நீ பாரு."

கெதூரா போய் நின்றாள். முள் கிறுகிறுவென்று இறங்கிற்று. "இருபத்தாறு," என்றாள்.

ஹோக் பென்சிலைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். "டிட்மர், எனக்குத் தெரியாத விஷயம் எனக்குத் தெரியாமலே இருக்கட்டும். நாளைக்குப் பெட்டியை மூடியே வைப்போம். அம்மா வாய்வார்த்தையாச் சொன்னாப் போதும். டங்கர் அம்மா பொய் சொல்லமாட்டாங்கன்னு மூணு ஜில்லாவுக்கும் தெரியும்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வக்கீல் மூளை எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

கெதூரா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். விசிறி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இது புதிதல்ல, பத்து வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கும் இழுத்தது, அவள் கையால் விலக்கிக்கொண்டே படித்தாள். இன்றைக்குத்தான் அது அவளுக்கு உறைத்தது. விசிறி வாயில் பாதியை அவளுடைய பாவாடை அடைத்துக்கொண்டிருந்தது. ஊதுகிற காற்றே குறைந்துவிட்டால் இறக்கையை எது தூக்கும்? அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து எட்டிப் பார்த்தாள். முள் முப்பத்துமூன்றில் நின்றது.

உடனே ஓபெத் பட்டையைத் தள்ளி எந்திரத்தை நிறுத்தினான். அவள் நகர்ந்ததை அவன் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை.

அந்திச் சாப்பாட்டுக்கு வறுத்த சோளக்களியும் ஆப்பிள் பாகும் வைத்துவிட்டு, அவள் வழக்கம்போல நின்றாள்.

"தம்பி, ஒன்பதுல அது விழல."

"சாப்பிடும்போது பெட்டியைப் பத்திப் பேசவேண்டாம்."

"என் பாவாடைடா அது. விசிறி வாயை அடைச்சிருக்கு."

"பாவாடையாம்!" ஓபெத் களியை ஓங்கிக் குத்தினான். "பேட்டன்ட் ஆபீஸ்ல இருக்கிற பெரிய பெரிய தலையெல்லாம் ஒத்துக்கிட்ட விஷயம். இவ பாவாடையாம்!"

"வா, இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம். நான் தள்ளி நிக்கிறேன்."

"முடியாது. விசாரணை முடியிறவரை யாரும் பெட்டியைத் தொடக்கூடாது. நான்கூட." சாவிக்கொத்தை எடுத்து உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஓட்டிப் பார்க்க மறுத்ததிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று கெதூராவுக்குப் புரிந்தது. அவன் பத்து வருஷம் வாயைக் கட்டிக் காத்த எண் இவள் துணியால் பிறந்த எண்.

அவனே கேட்டான், தட்டைப் பார்த்தபடி. "நாளைக்கு என்ன சொல்லப்போற?"

"கேட்டதுக்குச் சொல்லுவேன்."

"எங்க நின்னேன்னு கேட்டா?"

"நின்ன இடத்தைச் சொல்லுவேன்."

"கேக்கலைன்னா?"

அவள் யோசித்தாள். "கேக்காததுக்கு நான் ஏன் வாயைத் திறக்கணும்."

"அது போதும்," என்றான் ஓபெத். பிறகு களியை முழுவதும் தின்றான்.

அவன் எழுந்துபோன பிறகு அவள் தன் பங்கைத் தொடாமலே மூடி வைத்தாள். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், தம்பியின் பிழைப்பைத் தன் வாயாலேயே சாகடிக்கவேண்டும். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். உண்மை வெளியே வரக்கூடாது என்று ஆண்டவரிடமே மனுப்போடுகிறோமே என்று உறைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வேண்டுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் பட்டறையின் முன்கூடத்தில், விற்காத வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு, பெஞ்சு போட்டு ஊர் உட்கார்ந்தது. அதிகாரிக்கு நல்ல ஜலதோஷம். எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தார். பெட்டியைப் பின்னறையிலிருந்து கொண்டுவந்து, பட்டையோடு கோத்து, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கோல்பி மஞ்சள் கையுறையும் மெழுகு தேய்த்த மீசையுமாக வந்திருந்தான். ஆள் அழகன் என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது.

கெதூராவிடம் பைபிளை நீட்டினார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"சத்தியம் பண்ண எங்களுக்கு உத்தரவில்லை. உள்ளதை உள்ளதுன்னும் இல்லாததை இல்லாததுன்னும் சொல்லுவேன்."

சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஹோக் எழுந்தார். 1904 பிப்ரவரியில் முள்ளைப் படித்தது நீங்கள்தானா? ஆமாம். ஒன்பதில் என்ன படித்தீர்கள்? இருபத்தாறு. எத்தனை தடவை? மூன்று. அந்த வருஷம்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? "அதுக்கு முந்தின மாசம்தான் என் வீட்டுக்காரர் தவறிப்போனார்." ஹோக் உட்கார்ந்துவிட்டார்.

கோல்பியின் வக்கீல் எழுந்தார். பெரிய ஊர் வக்கீல், பட்டுக் கழுத்துப்பட்டை. அவருக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி.

"அம்மா, தம்பின்னா உங்களுக்கு ரொம்பப் பிரியமாமே?"

"ஆமா."

"அவருக்காக ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லமாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்? அவருக்கு ஆக்கிப் போடறீங்க, துணி துவைக்கிறீங்க..."

"ஆக்கிப் போடறேன். கூட உக்காந்து சாப்பிடறதில்லை. சபையில விலக்கியிருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடிற்று. சபை சொன்னதற்காக ஒரே வீட்டில் இரண்டு வருஷம் தம்பியோடு ஒருவாய் சேர்ந்து சாப்பிடாத பொம்பளை, தம்பிக்காகப் பொய் சொல்வாளா? பட்டுக் கழுத்துப்பட்டைக்காரர் தானே குழி தோண்டி, தானே இறங்கி, மண்ணையும் தானே தள்ளிக்கொண்டார். அதிகாரி மூக்கைத் துடைத்தபடி கெதூராவை முதன்முறையாக மரியாதையாகப் பார்த்தார். போகலாம் என்றார்கள். எங்கே நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஹோக் ஓபெத்தின் பக்கம் சாய்ந்து, "ஜெயிச்சாச்சு. இனிமே மூச்சு விட்டாலும் மெதுவா விடுங்க," என்றார்.

அடுத்தது கோல்பியின் முறை. அவனுக்கு நன்றாகப் பேச வரும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தோ என்னவோ, இன்னும் நன்றாகப் பேசினான்.

"1903 அக்டோபர். வெளியில மழை. நான் தனியா இருந்தேன். எட்டுல முப்பது காட்டுச்சு. ஒன்பதுக்கு நிமிர்த்தினேன். கண்ணு முன்னாலயே முள் விழுந்துச்சு, இருபத்தாறுக்கு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் விழுந்துச்சு. மனுஷன் ஒருத்தன் கண்ணுலயும் படாத ரகசியத்தை அந்த முள் எனக்கு மட்டும் சொல்லுதுன்னு..."

ஓபெத் எழுந்து நின்றிருந்தான்.

"ஒரு கேள்வி," என்றான்.

ஹோக் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க. உங்க முறையில்லை. ஜெயிச்சுட்டோம்னு சொன்னேன்ல?"

"உக்காரமாட்டேன். இவன் என் முள்ளைப் பாத்துப் புல்லரிக்கிறான்." ஓபெத்தின் கழுத்து சிவந்துவிட்டிருந்தது. "கோல்பி, முள்ளைப் படிச்சது யாரு?"

கோல்பி அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி தும்மலை அடக்கிக்கொண்டு, சொல் என்று கையைக் காட்டினார்.

"நான்தான். தனியாத்தான் இருந்தேன்னு சொன்னேனே."

"அன்னிக்குப் பாவாடை கட்டியிருந்தியா?"

கூடம் அதிர்ந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர்: கோல்பி, ஹோக், கெதூரா. ஹோக் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"நான் வேடிக்கைக்குக் கேக்கல," என்றான் ஓபெத், சிரிப்பு அடங்கியதும். "ஒன்பதுல முள் விழாது. காத்தோட குணம் அது இல்லை. முப்பத்துமூணு காட்டும். எங்க பெட்டியில மட்டும்தான் விழும், அதுவும் எங்க அக்கா நின்னா மட்டும்தான் விழும். அவ பாவாடை விசிறி வாயைப் பாதி அடைக்குது. அங்க அவ இல்லை, இவன் பாவாடையும் கட்டல. அப்ப இவனுக்கு எப்படி விழுந்துச்சு இருபத்தாறு?"

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "டிட்மர், நீங்க என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சு பேசறீங்களா? ஒன்பதுல விழாதுன்னா, உங்க கொக்கிக்கு என்ன வேலை?"

"வேலையில்லை."

"உங்க பேட்டன்ட்?"

"அதான் போச்சே."

பட்டுக் கழுத்துப்பட்டைக்காரர் துள்ளி எழுந்தார். "அப்படின்னா எங்க கட்சிக்காரர் எதைத் திருடினதா இவர் சொல்றார்? ஒண்ணுமே இல்லாததையா?"

"எங்க தப்பை," என்றான் ஓபெத். "அந்தத் தப்பை நாங்க பண்ணினோம். நானும் எங்க அக்காவும். வேற ஒருத்தனும் பண்ணல."

பேட்டன்டைக் காப்பாற்ற பத்து வருஷம் வாய் திறக்காதவன், அந்தப் பேட்டன்டுக்குக் கொள்ளி வைக்க இத்தனை பேச்சுப் பேசினான். நேர்மையால் பேசினானா என்றால், அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. எண் சரியாக இருந்தாலென்ன, கோணலாக இருந்தாலென்ன, அது தன்னுடையது; இன்னொருவன் அதைத் தன் பிள்ளை என்று மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அதிகாரி துணியை எடுக்கச் சொன்னார். பட்டை ஓடத் தொடங்கிற்று. எட்டில் முப்பது, எல்லோரும் பார்த்தார்கள். ஒன்பதுக்கு நிமிர்த்தினதும் ஹோக்கையே விசிறிப் பக்கம் நிற்கவைத்தார்கள். அவர் இழவு வீட்டில் சேதி சொல்கிறவரைப் போல, "முப்பத்துமூணு," என்றார்.

"அம்மா, நீங்க வாங்க," என்றார் அதிகாரி.

கெதூரா தம்பியைப் பார்த்தாள்.

"போ அக்கா," என்றான் அவன். "அன்னிக்கு நின்ன மாதிரி நில்லு."

கூடத்தின் குறுக்கே நடந்தபோது அவளுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்தது. இன்றைக்குப் பார்த்து விழாமல் போய்விட்டால்? கூடம் பெரிது, காற்று வேறு. விழாமல் போனால் அவனுக்குப் பேட்டன்டும் இல்லை, மானமும் இல்லை. திருடன் என்ற பெயர்தான் மிஞ்சும். நேற்றெல்லாம் எது வெளியே வரக்கூடாது என்று வேண்டினாளோ, அது வந்து தொலையட்டும் என்று இப்போது வேண்டிக்கொண்டு, விசிறி வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். காற்று பாவாடையைச் சடாரென்று இழுத்தது. கொசுவமெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது.

அவள் கண்ணாடியில் குனிவதற்கு முன்பே, கூடத்தின் அந்தக் கோடியில், முள் கண்ணுக்கே தெரியாத இடத்தில், பட்டையைப் பிடித்தபடி நின்ற ஓபெத் கத்தினான்.

"இருபத்தாறு!"

அதிகாரி குனிந்து பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "இருபத்தாறு," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கோல்பி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பட்டறை இனி எத்தனை மாசம் ஓடும் என்று பெஞ்சில் இருந்தவர்கள் அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஓபெத் எதையும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த சேதி கேட்டவனைப் போல, பல்லெல்லாம் தெரிய, "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று கெதூராவுக்கு நினைவில்லை. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. போகலாம் என்று அதிகாரி சொன்னபிறகும், பாவாடையை விலக்காமல் அவள் அங்கேயே நின்றாள்.